கணக்கர் காணாமல்போன ஊர்: தமிழில் ஒரு சாகச ஆட்டத்தைக் கட்டிய பதிவு

நெடுங்கரை என்று ஓர் ஊர். பெரிய ஏரி, ஏரியை நம்பிய வயல், வயலை நம்பிய சபை. சபைக்குக் குடவோலை எடுக்க ஆறே நாள் இருக்கும்போது ஏரி வாரியத்தின் கணக்கர் காணாமல்போகிறார். கணக்குச் சுவடியும் அவரோடு போய்விட்டது. ஊருக்குள் யாரோடும் உறவில்லாத வழிப்போக்கர்கள் ஐந்து பேரைச் சபை கூப்பிட்டு, இரண்டையும் தேடித் தரச் சொல்கிறது: ஆளையும் சுவடியையும்.

இது நான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்காகத் தமிழில் எழுதி, பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிறு மதியங்களில் நடத்திய சாகசம். ஆட்டம் தெரியாதவர்களுக்கு: 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்டது. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி நடிப்பார்கள். ஒரு செயல் நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது பக்கப் பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள். பெயர் குறிப்பிட்டால் போதும், யாரும் மொழிபெயர்த்து அச்சடித்துக்கொள்ளலாம். அதனால்தான் மந்திரங்களையும் திறன்களையும் தமிழில் சீட்டு சீட்டாக அச்சிட்டு எல்லோர் கையிலும் கொடுக்க முடிந்தது.

ஆடியவர்கள் என் தங்கை, அவளுடைய ஆபீஸ் தோழி, என் அத்தை பையன், பழைய ரூம்மேட் ஒருவன், அப்புறம் கீழ் வீட்டு மாமா. மாமா வங்கியில் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மாதிரி ஆட்டத்தை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆனால் கணக்கர், சுவடி, சபை என்று சொன்னதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சதி எங்கே இருந்து வந்தது

அரசியல் சூழ்ச்சி உள்ள சாகசம் என்றால் முக்காடு போட்ட ஆள், முத்திரை வைத்த கடிதம், அரண்மனைக்குள் ஒரு துரோகி என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். அதில் ஆடுபவர்கள் யோசிக்க ஒன்றும் இருக்காது. ரகசியம் நம் தலைக்குள் இருக்கும், அதை நாம் சொல்லும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விதி இருக்க வேண்டும், அந்த விதியை வைத்து யாருக்கு லாபம் என்று கணக்குப் போட முடிய வேண்டும். அப்போதுதான் சூழ்ச்சியை ஆட முடியும்.

அப்படிப்பட்ட விதி நம்மிடம் கல்லிலேயே இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள். குடவோலைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, ஓலையை எப்படி எடுக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிந்திருக்கிறது. குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. நிற்பவருக்கு 35 வயதுக்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். இவ்வளவும் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம்.

என்னை நிறுத்தியது தகுதியிழப்புப் பகுதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவர் மட்டும் இல்லை, அவருடைய சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், தாயோடு பிறந்தவர், தகப்பனோடு பிறந்தவர், உடன்பிறந்தவர், மாமனார், மைத்துனர், மருமகன், தகப்பன், மகன் என்று வரிசையாக எல்லோரையும் விலக்கிவிடுகிறது அந்தக் கல்.

இதைப் படித்தபோது கதை தானாகவே விழுந்தது. கணக்கு காணாமல்போனால் ஊர் முதலில் யாரைச் சந்தேகப்படும்? ஏரி வாரியத்தின் பழைய தலைவரை. பணத்தைத் தின்றவர்தான் கணக்கை மறைப்பார் என்று பேசும். ஆனால் விதியைப் படித்தால் நேர்மாறாக இருக்கிறது. கணக்கு வராவிட்டால் அழிவது அவர்தான். அவரோடு அவர் குலமே ஒரே அடியில் போட்டியில் இருந்து போய்விடும். அப்படியானால் கணக்கர் காணாமல்போனதில் லாபம் அவருடைய எதிராளிக்கு.

எதிராளியாக எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதரை வைத்தேன். பேர் வேண்டாம், ஊரில் எல்லோரும் செக்குடையார் என்பார்கள். அப்புறம் ஒரு முடிச்சு கூடப் போட்டேன். செக்குடையாரின் தாயும் பழைய ஏரித் தலைவரின் தாயும் உடன்பிறந்தவர்கள். ஏதோ ஒரு கல்யாணச் சண்டையில் இரண்டு வீடும் பேச்சை விட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது, இளையவர்களுக்கு உறவே தெரியாது. ஆனால் நெடுங்கரைக் கல்லிலும் சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள் என்று ஒரு வரி இருக்கிறதே. கணக்கு வராவிட்டால் செக்குடையாரும் நிற்க முடியாது. ஆகவே அந்த வரிகளின் மேல் மட்டும் அவர் ஆள் வைத்துச் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்.

உத்திரமேரூர் விதிகளை அப்படியே எடுத்து வைக்கவில்லை. அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரின் சபை. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் நிலமும் வேத அறிவும் கேட்டது. நிலமில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. அதைத் தேர்தல் என்று பெருமையாகப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். நெடுங்கரையில் வேத நிபந்தனையை எடுத்துவிட்டு, நில நிபந்தனையை வைத்துக்கொண்டேன். ஏரியைப் பற்றி உண்மையில் தெரிந்தவர்கள் மதகு திறப்பவர், தூர் அள்ளும் ஓடக்காரர்கள், கரைக்கு மண் சுமக்கும் பெண்கள். அவர்களில் ஒருவருக்கும் குடத்தில் ஓலை கிடையாது. தடயங்களில் பாதியை அவர்கள் கையில் கொடுத்தேன். ஆடுபவர்கள் சபை மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்தால் ஒன்றும் கிடைக்காது, கரைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

தடயமும் மந்திரமும்

துப்பறியும் சாகசம் எழுதுபவர்கள் மத்தியில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஆடுபவர்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்றால் அதற்கு மூன்று தடயமாவது வை. ஒன்றைப் பார்க்காமல் போவார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும். ராபின் லாஸ் வடிவமைத்த கம்ஷூ என்ற முறை இன்னும் ஒரு படி மேலே போய், சரியான இடத்தில் தேடினால் தடயம் கிடைத்தே தீரும், அதற்குப் பகடை கூடாது என்கிறது. நான் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். தடயம் கிடைக்குமா என்று பகடை உருட்டவில்லை. கிடைக்கும்போது யார் பார்த்துவிட்டார்கள், எவ்வளவு நேரம் போனது, என்ன உடைந்தது என்பதைத்தான் பகடை சொன்னது.

மந்திரங்கள் பெரிய விஷயம். பலர் துப்பறியும் கதையை இந்த ஆட்டத்தில் நடத்த முடியாது என்று கையை விரிப்பது இவற்றால்தான். பாத்திரங்கள் அனுபவத்தில் ஐந்தாம் நிலைக்கு ஏறியிருந்தால் பூசாரி செத்தவரோடு பேசுவார், பொய் சொல்ல முடியாத வட்டம் போடுவார், பொருள் இருக்கும் திசையை அறிவார். அப்புறம் மர்மம் எங்கே இருக்கும்? மந்திரங்களைத் தடை செய்துவிடு என்பது சுலபமான பதில். நான் அதை விரும்பவில்லை. ஆசையாகத் தேர்ந்தெடுத்த சக்தியை ஒருவர் பயன்படுத்தும்போது அது வேலை செய்ய வேண்டும். விதியை நிதானமாகப் படித்தால் கதைக்கு வேண்டிய சந்து அதிலேயே இருக்கிறது.

பொருளைத் தேடும் மந்திரம் 1,000 அடிக்குள்தான் எட்டும். குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேட வேண்டுமானால் அதை முன்பே 30 அடிக்குள் நின்று பார்த்திருக்க வேண்டும். எங்கள் ஐவரும் அந்தச் சுவடியைக் கண்ணால் கண்டதில்லை. ஆகவே ஏதோ ஒரு சுவடி என்றுதான் தேட முடியும், பக்கத்தில் இருக்கும் சுவடியைத்தான் மந்திரம் காட்டும். ஊர்ச் சபையின் ஓலை அறையைக் காட்டியது. அங்கேதான் போலி ஓலை ஒன்று இருந்தது. காரீயத் தகடு போட்ட பெட்டியில் வைத்தால் இந்த மந்திரம் எட்டாது என்றும் விதியில் உண்டு. அதை நான் பயன்படுத்தவில்லை. ஆடுபவரின் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்துவது போல இருக்கும்.

செத்தவரோடு பேசும் மந்திரத்துக்கு ஐந்து கேள்விதான். உயிரோடு இருந்தபோது தெரிந்ததை மட்டும் சொல்லும். சொல்வதும் சுருக்கமாக, பூடகமாக இருக்கும். இதற்காகவே ஒரு மரணம் வைத்தேன். மதகுக் காவலாள் குமிழித் தூம்பில், அதாவது ஏரிக்குள் இருக்கும் மதகில், மூழ்கி இறந்துகிடக்கிறார். தினமும் மூச்சடக்கி உள்ளே இறங்கி அடைப்பைத் திறந்து மூடுகிற மனிதர். அவர் மூழ்கிச் சாவாரா என்று ஓடக்காரர் ஒருவர் கேட்கிறார், அது முதல் தடயம். பிணத்திடம் கேட்டால் பந்த வெளிச்சத்தையும் எண்ணெய்ப் பிசுக்கு வாசனையையும் சொல்லும். யார் என்று சொல்லாது, ஏனென்றால் பின்னால் இருந்து பிடித்துத் தள்ளியவன் முகத்தை அவர் பார்க்கவில்லை.

உண்மை வட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 15 அடி ஆரம், 10 நிமிடம். உள்ளே நிற்பவர் தடுக்க முடியாமல் அகப்பட்டால் தெரிந்தே பொய் சொல்ல முடியாது. ஆனால் பதில் சொல்லாமல் இருக்கலாம், சுற்றி வளைக்கலாம். தான் வட்டத்துக்குள் இருப்பதும் அவருக்குத் தெரியும். அரசியல்வாதிக்கு இதைவிட ஏற்ற இடம் ஏது? ஒவ்வொரு பெரிய மனிதருக்கும் முன்கூட்டியே உண்மையான, ஆனால் மறைக்கிற வாக்கியங்களை எழுதி வைத்துக்கொண்டேன். செக்குடையாருக்கு மட்டும் இவை: “கணக்கர் மேல் நான் கை வைத்ததில்லை.” “அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.” “கணக்கு சபைக்கு வர வேண்டும் என்று முதலில் கேட்டவனே நான்தான்.” மூன்றும் உண்மை. கை வைத்தது மைத்துனர். எங்கே வைத்திருக்கிறார் என்பதைத் தன்னிடம் சொல்ல வேண்டாம் என்று இவரே சொல்லியிருக்கிறார்.

கல், ஓலை, குடம்

விதியைச் சொல்லால் விளக்கினால் யாரும் அதில் கை வைத்துத் தேட மாட்டார்கள். அதனால் கல்லைச் செய்தேன்.

அடுப்பில் கேக் வைக்கும் செவ்வகத் தட்டில் எண்ணெய் தடவி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வார்த்தேன். தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி விழும். எடையில் மூன்று பங்கு பொடிக்கு இரண்டு பங்கு தண்ணீர் எனக்குச் சரியாக வந்தது. எழுத்து வெட்ட ஒரு பதம் இருக்கிறது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது, ஆணியால் கீறினால் தூளாகவும் கூடாது, சோப்பைச் சீவுவது போலச் சுருளாக வர வேண்டும். அந்தப் பதம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். எழுத வேண்டியதை முன்பே காகிதத்தில் வரி பிரித்து எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நன்றாகக் காய்ந்தபின் டீ டிகாக்‌ஷனில் கறுப்புப் போஸ்டர் கலர் கலந்து பூசி, அதன் மேல் வார்னிஷ் இரண்டு கோட் கொடுத்தேன். வார்னிஷ் அவசியம், ஏன் என்று பாருங்கள்.

கடைசி மூன்று வரிகளில்தான் உறவுப் பட்டியல். அதன் மேல் சாக்பீஸ் பொடியை அரிசிக் கஞ்சியில் குழைத்து அப்பினேன். காய்ந்ததும் பார்வைக்குச் சுண்ணாம்புப் பூச்சுத்தான். தண்ணீர் பட்டால் இளகிவிடும். கல்வெட்டு ஆய்வாளர்கள் மைப்படி எடுப்பது போலவே ஆடுபவர்களும் எடுக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. பட்டம் ஒட்டும் மெல்லிய வெள்ளைத் தாளை அவென்யூ ரோட்டில் வாங்கினேன். தாளை நனைத்துக் கல்லின் மேல் விரித்து, புதுப் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்க வேண்டும். பாதி காய்ந்ததும் துணிப் பந்தில் மை தொட்டு ஒற்றினால் கல் பரப்பு கறுப்பாகும், பள்ளத்தில் இருக்கும் எழுத்து வெள்ளையாக நிற்கும். ஈரத் தாளைத் தட்டும்போதே சுண்ணாம்பு இளகிக் கையோடு வந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

தொம்மலூர் சொக்கநாதசாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்த ஊரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அவை சொல்கின்றன. ஆட்டம் தொடங்கும் முன் ஒரு காலையில் எல்லோரையும் அங்கே கூட்டிப் போனேன். தங்கையின் தோழி அதே தொம்மலூரில்தான் வேலை பார்க்கிறாள், இப்படி ஒரு கல் பக்கத்திலேயே இருப்பது தெரியாது. வெட்டெழுத்து எவ்வளவு ஆழம், வரிகள் எப்படி நெருங்கி ஓடுகின்றன என்று பார்த்துவிட்டு வந்ததால் வீட்டுக் கல்லைக் கண்டதும் யாருக்கும் பொம்மையாகத் தோன்றவில்லை.

ஓலை கிருஷ்ணகிரியில் சித்தப்பா வீட்டில் இருந்து பஸ்ஸில் வந்தது. முற்றியதும் வேண்டாம் குருத்தும் வேண்டாம், நடுவயது ஓலையாக அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். ஈர்க்கை எடுத்துவிட்டு, மஞ்சள் போட்ட தண்ணீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்து நிமிர்த்தினேன். அப்புறம் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தால் ஓலைக்கு ஒரு மினுமினுப்பு வருகிறது. எழுத்தாணிக்கு எஸ்.பி. ரோட்டில் உலோகத்தில் கோடு போடும் ஊசி ஒன்று வாங்கி, முனையை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கினேன். கூர்மையாக இருந்தால் ஓலையை அறுத்துவிடும். நார் ஓடும் திசையில் நீண்ட நேர்கோடு இழுத்தாலும் கிழியும். வளைத்து வளைத்து எழுதினால் கை தானாகவே போகிறது. துளையைக் குத்தக் கூடாது, கோணூசியைக் காய்ச்சிச் சுட்டுப் போட வேண்டும்.

கீறியவுடன் ஓலையில் எழுத்து தெரியாது. விளக்கின் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்துப் பிடித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, பஞ்சால் ஓலை முழுக்கத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தேன். பரப்பில் இருந்த கரி போய்விட, கீறலுக்குள் இருந்தது மட்டும் நின்றது. எழுத்து ஒவ்வொன்றாக எழும்பி வருவதைப் பார்க்கத் தங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். நான் வைத்தேன், லேசாக. மேசையில் ஐந்து பேர் சேர்ந்து படிக்க வேண்டிய பொருள் அது.

போலி ஓலை ஒன்றைத் தனியாகச் செய்தேன். மற்றவற்றை டீயில் நனைத்து வெயில் காட்டிப் பழசாக்கினேன், இதை வெளிறிய நிறத்திலேயே விட்டேன். துளையையும் நகக்கண் அளவு தள்ளிப் போட்டேன். கயிற்றில் கோத்தால் சுவடியின் ஓரத்தில் இது மட்டும் துருத்தும்.

குடத்துக்குப் பாட்டரி டவுன் போனேன். ஒரு சிறுவனின் கை போக வேண்டும், மேலே இருந்து பார்த்தால் உள்ளே தெரியக் கூடாது என்று சொன்னதும், அங்கிருந்த அம்மா தமிழிலேயே, “அப்ப கழுத்து நீளமா இருக்கறத எடுப்பா” என்று இரண்டு மூன்றைச் சுண்டிக் காட்டி, கணீரென்று ஒலித்ததைக் கையில் கொடுத்தார்.

மேசையில் நடந்தது

நான் நினைத்தபடியே முதல் நாள் முழுக்கப் பழைய ஏரித் தலைவரைத்தான் துரத்தினார்கள். அத்தை பையன் கள்வனாக ஆடினான். தலைவர் வீட்டுக் கூரையைப் பிரித்து இறங்கி ஒன்றும் இல்லாமல் திரும்பினான். பாணராக இருந்த தங்கைதான் கரைப் பக்கம் போனாள். மண் சுமக்கும் கிழவியோடு உட்கார்ந்து தாலாட்டு கேட்டாள். அந்தத் தாலாட்டில் இரண்டு அக்கா தங்கைகளின் பேர் வருகிறது. அவள் அதைத் தாளில் குறித்துக்கொண்டாள், யார் என்று அப்போது தெரியாது.

ஓலை அறையில் போலியைக் கண்டுபிடித்தது துருத்தலால். ஆனால் போலி என்பதைவிட அதில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பிடித்தவர் மாமா. தூர் அள்ள ஓடம் வைத்துக் கூலி கொடுத்ததைச் சோழர் காலக் கல்வெட்டுகளில் பார்க்கலாம், அதைத்தான் இங்கே கணக்காக்கினேன். ஓடத்துக்கு நாள் கூலி 2 குறுணி நெல். ஊரில் எல்லோருக்கும் தெரிந்து ஓடியது 4 ஓடம். போலி ஓலையில் 5 ஓடம், 30 நாள், மொத்தம் 30 கலம் என்று இருந்தது. தலைவர் ஒரு ஓடத்தின் கூலியைத் தின்றார் என்று காட்டுவதற்காக எழுதியது.

மாமா பேனாவை எடுத்தார். “அஞ்சு ரெண்டு பத்து. முப்பது நாளைக்கு முந்நூறு குறுணி. கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி. இருபத்தஞ்சு கலம்தானே வரணும் தம்பி? முப்பது எப்படி வந்துச்சு?”

எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

“இதை எழுதினவன் பத்தால வகுத்திருக்கான். இந்த ஊர்ல யாரு பத்துக் குறுணிக் கலம் புழங்கறாங்க?”

செக்கில் எள் அளக்க மட்டும் பத்துக் குறுணிக் கலம் என்று முதல் நாளே சந்தையில் ஒரு வரி சொல்லியிருந்தேன். என் ரூம்மேட் அதை எழுதி வைத்திருந்தான். அவன் பக்கத்தைத் திருப்பிக் காட்டியதும் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

கல்லை அடுத்த வாரம் மேசைக்குக் கொண்டுவந்தேன். தங்கையின் தோழிதான் பூசாரி. அவளே தாளைத் தட்டினாள். கடைசி வரிகளுக்கு வந்தபோது பிரஷ்ஷில் வெள்ளையாக ஒட்டியது. “அண்ணா, இது கல்லு இல்ல, பூச்சு” என்றாள். ஈரத் துணியால் துடைத்தார்கள். உறவுப் பட்டியல் வந்தது. அதைத் தங்கை சத்தமாகப் படித்துக்கொண்டே போய், பெரியம்மா பிள்ளைகள் என்ற இடத்தில் நின்று, தாலாட்டு எழுதிய தாளைத் தேடினாள்.

உண்மை வட்டத்தில் செக்குடையார் நான் எழுதி வைத்திருந்த மூன்று வாக்கியங்களையும் சொன்னார். மற்றவர்கள் சோர்ந்துபோனார்கள். மாமா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, தணிக்கைக்குப் போன கிளையில் கேட்கிற குரலில் கேட்டார்: “அவர் எங்கே இருக்கார்னு உங்களுக்குத் தெரியாது, சரி. ஒத்துக்கறேன். தெரிய வேண்டாம்னு யார்கிட்ட சொன்னீங்க?”

இதற்கு உண்மையான, மறைக்கிற பதில் ஒன்றை என்னால் அந்த நேரத்தில் யோசிக்க முடியவில்லை, யோசிக்கவும் கூடாது என்று முடிவு செய்தேன். செக்குடையார் வாயை மூடிக்கொண்டு வட்டத்தை விட்டு வெளியே நடந்தார். அந்த நடையே சபைக்குப் போதுமான பதிலாக இருந்தது. அன்று இரவே மைத்துனரின் எள் கிடங்கில் கணக்கரை உயிரோடு மீட்டார்கள். அங்கே ஒரு சண்டை இருந்தது, நன்றாகத்தான் போனது, அதை விவரிக்க இங்கே ஒன்றும் இல்லை.

அப்புறம் கேள்வி வேறாகிவிட்டது. சுவடி கிடைத்துவிட்டது, கணக்கு சுத்தமாக இருக்கிறது. அதைச் சபையில் வைத்தால் தலைவர் குலத்துக்குத் தடை இல்லை, உறவு வழியாகச் செக்குடையாருக்கும் தடை இல்லை. ஆள் கடத்தியதற்காக அவரைத் தண்டிக்கலாம், ஆனால் செய்தது மைத்துனர் என்று அவர் தப்பிக்கலாம். கணக்கை வைக்காமல் விட்டால் இருவரும் ஒழிவார்கள், குற்றமில்லாத தலைவரும் சேர்ந்து. ரூம்மேட் விட்டுவிடலாம் என்றான். தங்கை கோபப்பட்டாள், “நேர்மையா எழுதின கணக்கை நாமளே மறைச்சா அந்தாளுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?” பகடையைத் தொடாமல் நீண்ட நேரம் வாதாடினார்கள். எனக்கு இந்தச் சாகசத்தில் மிகவும் வேண்டியது அந்த வாதம்தான். கடைசியில் கணக்கை வைத்தார்கள். கூடவே பூச்சு நீக்கிய கல்லின் மைப்படியையும் போலி ஓலையையும் சபை நடுவில் விரித்தார்கள். சபையின் விதியை மறைத்த குற்றத்துக்காகச் செக்குடையாரின் ஓலையை நீக்க வேண்டும் என்று மாமா வாதாடி வென்றார். மதகுக் காவலாளின் மகளுக்குச் சபை நிலம் கொடுக்க வேண்டும் என்று தங்கை கேட்டாள். நிலம் வந்தால் அவளும் ஒருநாள் குடத்துக்குள் வரலாம் என்பது அவள் கணக்கு.

குடவோலையை நிஜமாகவே எடுத்தோம். கோயில் அர்ச்சகர்களில் மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்ட வேண்டும், ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும், மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிச் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று உத்திரமேரூர் விதி. விரல்களுக்கு இடையே வேறு ஓலையை ஒளித்து வைக்க முடியாதபடி அந்த விரித்த கை. மாமாவின் ஏழு வயதுப் பேரன் கீழே இருந்து வந்து குடத்துக்குள் கையை விட்டான். மாமா விரலை அகல விரித்து வாங்கினார். ஏரி வாரியத்துக்கு வந்த முதல் பேர், பழைய தலைவரின் மருமகன்.

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் நண்பர் ஒருவர் இதை அவருடைய குழுவுக்கு நடத்தக் கேட்டிருக்கிறார். ஓலைகளை அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி அனுப்புகிறேன். கல்லை அவரே வார்த்துக்கொள்ளட்டும், வரிகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவருடைய குழுவில் எட்டாம் நிலைப் பாத்திரங்கள், ஆகவே ஆளையே தேடும் மந்திரம் அவர்களிடம் இருக்கும். அதற்கும் 1,000 அடிதான் எல்லை, 10 அடி அகலத்துக்கு ஓடும் நீர் குறுக்கே இருந்தாலும் அது எட்டாது. எள் கிடங்கை வாய்க்காலுக்கு அந்தக் கரையில் மாற்றி வையுங்கள், மதகு திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் மறைவு என்று வைத்தால் மதகுக் காவலாள் ஏன் கொல்லப்பட்டார் என்பதற்கு இன்னும் ஒரு காரணம் கிடைக்கும் என்று எழுதியிருக்கிறேன்.